விமான வரைபடத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? ஒரு பிராக்கெட், நிறையச் சந்தேகங்கள்

உவர்மலை_பையன்

எல்லோருக்கும் வணக்கம். ஏ/எல் தொழில்நுட்பப் பிரிவில் முடித்துவிட்டு இப்போது விமானப் பராமரிப்பு லைசன்ஸ் பாடங்களைப் படிக்கிறேன். மொடியூல் 7-இல் பொறியியல் வரைபடம் என்றொரு பகுதி வருகிறது. பகுதி சின்னது, பயம்தான் பெரிது.

பயிற்சிக்கென்று ஒரு போட்டோக் கொப்பி கையில் கிடைத்தது. எல் வடிவப் பிராக்கெட் (தாங்கித் தகடு) ஒன்று, நாலு துளை. பார்க்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர்ப் பெட்டிக்கு மேலே "-1 காட்டப்பட்டுள்ளது, -2 எதிர்ப்பக்கம்" என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் எஃப்எஸ் 178.50, டபிள்யூஎல் 92.00, எல்பிஎல் 14.20 என்று மூன்று எண்கள். துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூட்டல் குறி. அதன் மேல் இடது மூலையில் "பிஜே", மேல் வலதில் "4என்", கீழ் வலதில் "5". கீழ் இடது வெறுமை. மேல் தோற்றம் முன் தோற்றத்துக்கு மேலே நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கீழேதான் வரையச் சொல்லித் தந்தார்கள்.

இதெல்லாம் போக, 1.00 அங்குலம் என்று எழுதியிருக்கும் பக்கத்தை அடிமட்டம் வைத்து அளந்தால் 0.9 அளவில்தான் வருகிறது. எதை நம்புவது?

சீனக்குடா_பழசு

தம்பி, முதலில் அடிமட்டத்தை மேசை லாச்சிக்குள் போடுங்கள். விமான வரைபடத்தை அளந்து அளவு எடுக்கக் கூடாது. எழுதியிருக்கும் எண்தான் அளவு. கோடு வெறும் உருவம். பழைய நீலப்படங்களைத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பார்கள், காய்ந்ததும் தாள் சுருங்கிவிடும். இன்றைக்கு போட்டோக் கொப்பி இயந்திரம் "பக்கத்துக்குள் அடக்கு" என்று தானாகவே சின்னதாக்கிவிடுகிறது. காரணம் மாறினாலும் விளைவு ஒன்றுதான். ஒரு அளவு படத்திலேயே இல்லையென்றால் வரைந்த இடத்தில் கேட்க வேண்டும், அளந்து கண்டுபிடிக்கக் கூடாது.

அடுத்தது, நீங்கள் பிராக்கெட்டைத்தான் முதலில் பார்த்திருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான், கண் படத்துக்குத்தான் போகும். ஆனால் வரைபடம் என்பது ஒரு கட்டளை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த விமானத்துக்குச் சொன்னது என்று தெரியாமல் கட்டளையை எப்படி நிறைவேற்றுவது? ஆகவே வலது கீழ் மூலையில் தொடங்குங்கள். பெயர்ப் பெட்டியில் வரைபட எண், பொருளின் பெயர், அளவுத்திட்டம், அலகு, வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர், எத்தனையாவது தாள் என்பதெல்லாம் இருக்கும். எண் ஒன்றாக இருந்து தாள் 1 மட்டும் உங்கள் கையில் இருந்தால், நீங்கள் பாதிக் கதையைத்தான் வாசிக்கிறீர்கள்.

பிறகு திருத்தப் பெட்டி. ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் போகும். ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் அமெரிக்க முறையில் விட்டுவிடுவார்கள், எண்ணோடும் மற்ற எழுத்தோடும் குழம்பும் என்பதால். கையில் இருப்பது ரிவிஷன் பி, நடைமுறையில் இருப்பது ரிவிஷன் டி என்றால் அந்தத் தாள் வடை சுற்றத்தான் உதவும். கவனம், சில மாற்றங்கள் வரைபடத்துக்குள் ஏறாமல் தனித் தாளாகக் கூடவே வரும். அந்தத் தாளைச் சேர்த்துப் பார்க்காதவன் வரைபடத்தைப் பார்க்காதவனே.

அதன் பிறகு பொதுக் குறிப்புகள். "வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரியின் கீழே வருவது முழுப் படத்துக்கும் சட்டம். உங்கள் தாளில் என்ன இருக்கிறது?

கடைசியாகத்தான் படம். மேல் தோற்றம் மேலே நிற்பது பிழை இல்லை. அது மூன்றாம் கோண எறியம் (தோற்றங்களை அடுக்கும் முறை), அமெரிக்க வழக்கம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது முதற்கோணம். பெயர்ப் பெட்டிப் பக்கம் தலை வெட்டிய கூம்பு ஒன்றும் இரட்டை வட்டம் ஒன்றும் கிடக்கும். வட்டம் கூம்பின் ஒடுங்கிய முனைப் பக்கம் நின்றால் மூன்றாம் கோணம், அகன்ற முனைப் பக்கம் நின்றால் முதற்கோணம். இதைப் பார்க்காமல் வேலை செய்தால் இடது பக்கத் துளை வலது பக்கம் போய்விடும். இங்கே திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை பறக்கவிடும் பிடி-6 பயிற்சி விமானம் சீனத் தயாரிப்பு. சீனாவில் முதற்கோணம், மில்லிமீற்றர். அதே ஓடுபாதையில் இறங்கும் செஸ்னா அமெரிக்கா. மூன்றாம் கோணம், அங்குலம். ஒரே ஓடுபாதைதான், பழக்கம் இரண்டு.

கிண்ணியா_நானா

நான் விமானக்காரன் இல்லை, பைபர் போட் அடிக்கிறவன். ஆனால் டபிள்யூஎல், பிஎல் என்று பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அது எங்கள் ஆட்களின் முறைதானே!

படகின் உடல் வளைவாக இருக்கும், ஒரு அளவில் பிடிபடாது. அதனால் மூன்று திசையில் வெட்டுவோம். நீர் மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடையாக வெட்டினால் வோட்டர் லைன். முன்னிருந்து பின்னாக, நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக நிமிர்த்தி வெட்டினால் பட்டக் லைன். குறுக்கே வெட்டினால் ஸ்டேஷன், தம்பியின் எஃப்எஸ்-இல் வரும் எஸ் அதுதான். இந்த மூன்று வெட்டும் சந்திக்கும் இடம் ஒரே ஒரு புள்ளி. கப்பல் கட்டுகிறவர்கள் பெரிய தளத்தில் முழு அளவில் கோடு கீறி வளைவு சரியா என்று பார்ப்பார்கள். விமானம் கட்டத் தொடங்கியவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள் என்று எங்களுக்குப் படகு வரைபடம் படிப்பித்த மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

தம்பியின் எண்ணில் எல்பிஎல் என்றால் இடது பக்கம், நடுக்கோட்டிலிருந்து 14.20 அங்குலம். டபிள்யூஎல் 92 என்றால் கீழே எங்கேயோ ஒரு பூச்சியத் தளம் வைத்து அதிலிருந்து 92 அங்குலம் உயரம். அந்த பூச்சியத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பழசு ஐயா சொல்லட்டும்.

சீனக்குடா_பழசு

நானா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பூச்சியம் எங்கே என்பது விமானத்துக்கு விமானம் மாறும், அதைச் செய்தவர்கள் வைத்ததுதான். செஸ்னா 150-இல் எஃப்எஸ் பூச்சியம் தீச்சுவரின் (எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புச் சுவர்) முன்முகம். ஆகவே எஞ்சின் முழுக்க மைனஸ் எண்களில் கிடக்கும். செஸ்னா கேரவனில் பூச்சியத்தை அந்தச் சுவரிலிருந்து 100 அங்குலம் முன்னுக்குத் தள்ளி வெறும் காற்றில் வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே தீச்சுவர் எஃப்எஸ் 100, எல்லா எண்ணும் பிளஸ். எடைச் சமநிலைக் கணக்குப் போடுகிறவனுக்கு மைனஸ் இல்லாதது பெரிய நிம்மதி.

இன்னொரு சூட்சுமம். நீட்டிய விமானங்களில் நடுவில் புதிதாக உடல் துண்டு செருகியிருப்பார்கள். பழைய ஸ்டேஷன் எண்களை மாற்றினால் எல்லா வரைபடமும் மாறும் என்பதால், புதுச் சட்டங்களுக்கு (உடலின் குறுக்கு வளையங்கள்) பழைய எண்ணோடு எழுத்து ஒட்டிவிடுவார்கள். ஆகவே ஸ்டேஷன் எண்ணைக் கழித்து "இத்தனை அங்குலத் தூரம்" என்று நாடா பிடிக்கக் கூடாது. அது முகவரி, எப்போதும் தூரம் ஆகாது.

இடது, வலது என்பது விமானி இருக்கையில் முன்னே பார்த்து உட்கார்ந்தால் எதுவோ அது. மூக்குக்கு முன்னால் நின்று பார்த்து இடது என்றால் ஆள் மாறிப்போகும்.

உவர்மலை_பையன்

நன்றி ஐயா, நன்றி நானா. திருத்தப் பெட்டியில் ரிவிஷன் சி என்று இருக்கிறது. குறிப்புகளில் உள்ளதை அப்படியே போடுகிறேன்: வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் இரண்டு தசமம் ±0.03, மூன்று தசமம் ±0.010. பொருள் 2024-டி3 (அலுமினியக் கலப்புலோகம்) தகடு, தடிப்பு 0.063. உள் மடிப்பு ஆரை 0.19. மடிப்பு 90 பாகை. இரண்டு காலும் வெளி அளவு 1.00. துளை மையத்திலிருந்து விளிம்புக்கு 0.28. பிராக்கெட் போய் ஒட்டும் சட்டத்தின் தடிப்பு 0.040.

கோணேசபுரி_மாணவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் இவ்வளவு விழுந்து விழுந்து படிக்க வேண்டுமா? போயிங் 777-ஐ 90-களின் தொடக்கத்திலேயே முழுக்க கணினியில் முப்பரிமாணமாக வடிவமைத்துவிட்டார்கள். அளவு, பொறுதி (அளவு எவ்வளவு தப்பலாம் என்ற எல்லை) எல்லாவற்றையும் மொடலுக்குள்ளேயே எழுதுவதற்கு 2003-இலேயே அமெரிக்கத் தரம் வந்துவிட்டது. மொடலைச் சுழற்றிப் பார்த்தால் இடது வலது குழப்பமே இல்லை. முதற்கோணமா மூன்றாம் கோணமா என்ற கேள்விக்கும் இடமில்லை. எங்கள் பாடத்திட்டங்கள்தான் இன்னும் டி ஸ்குயர் அடிமட்டத்தை விடமாட்டேன் என்கின்றன.

தோஹா_நைட்ஷிப்ட்

தங்கச்சி, தொழிற்சாலையில் நீங்கள் சொல்வது சரி. நான் நிற்பது ஹாங்கரில். எனக்கு முன்னால் நிற்கும் விமானத்துக்கு என்னைவிட வயது கூட. அதன் அமைப்புப் பழுதுபார்ப்புக் கையேடு டாப்லெட்டில்தான் திறக்கிறது, ஆனால் திறந்தால் வருவது தட்டையான படம்தான்: வெட்டுத் தோற்றம், அம்புக்குறி, குறிப்பு எண். சுழற்ற ஒன்றும் இல்லை. மறைந்த விளிம்புக்குச் சின்னச் சின்னக் கோடு, நடுக்கோட்டுக்கு நீளம்-குட்டை, பக்கத்தில் இருக்கும் வேறு பாகத்துக்கு நீளம்-குட்டை-குட்டை. இது கண்ணுக்குப் பழகாவிட்டால், எந்தத் தகட்டை வெட்டுவது எதை விடுவது என்றே தெரியாது.

வாசிக்காமல் கண்ணால் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜூன் 10 போதும். பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் பிஏசி 1-11, பர்மிங்காமிலிருந்து மலாகா போகிறது. மேலே ஏறும்போது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கப்டன் பாதி உடல் வெளியே. மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் இறக்கினார், கப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடியைப் புதிதாகப் பூட்டியவர் பாகப் பட்டியலைத் திறக்கவில்லை, கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்து அதே மாதிரி தேடினார். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் மெலிந்தவை, வித்தியாசம் 0.026 அங்குலம். மீதி ஆறும் நீளம் குறைந்தவை. 0.026-ஐக் கண்ணால் பிடிக்கிற ஆள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்.

சீனக்குடா_பழசு

மாணவிக்கு ஒரு வார்த்தை. மொடல் நல்லதுதான், எனக்குப் பகை இல்லை. ஆனால் ஏயார்பஸ் ஏ380 பிந்தியது எதனால்? ஜெர்மனியில் வடிவமைப்பு மென்பொருளின் நாலாம் பதிப்பு, பிரான்ஸில் ஐந்தாம் பதிப்பு. 2006-இல் வயர்க் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டால் நீளம் போதவில்லை. தாளில் ரிவிஷன் பார்க்காத அதே வியாதிதான், திரையில் வந்தது. கருவி மாறினாலும் "இது எந்தப் பதிப்பு?" என்ற கேள்வி போகாது.

சரி, பையனுக்கு வேலை தருகிறேன். மூன்று கேள்வி. தகட்டை மடிப்பதற்கு முன் தட்டையாக எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? கூட்டல் குறியில் இருக்கும் ரிவெட் (தகடுகளைச் சேர்க்கும் தறையாணி) எது, அதன் நீளம் இந்த இடத்துக்குப் பொருந்துமா? விளிம்புத் தூரம் ஏன் 0.25 என்றோ 0.30 என்றோ இல்லாமல் 0.28 என்று ஒரு மாதிரியாக இருக்கிறது?

உவர்மலை_பையன்

முதலாவது: ஆரை 0.19, தடிப்பு 0.063, கூட்டினால் 0.253. ஒவ்வொரு காலிலும் அவ்வளவைக் கழித்தால் தட்டைப் பகுதி 0.747. இரண்டு காலுக்கும் 1.494. மடிப்புக்குப் போகும் தகடு, தடிப்பின் நடுவில் எடுத்து: 1.5708 × (0.19 + 0.0315) = 0.348. மொத்தம் 1.842 அங்குலம்.

இரண்டாவது: பிஜே என்பது எம்எஸ்20470ஏடி என்ற எண்ணுள்ள ரிவெட், மேலே குமிழ் மாதிரித் தலை உள்ளது. 4 என்றால் 32-இல் நாலு, அதாவது 1/8 அங்குல விட்டம். என் என்றால் தொழிற்சாலைத் தலை (ரிவெட்டோடு வரும் தலை) நம் பக்கம், வரைபடத்தைப் பார்க்கிறவரின் பக்கம். 5 என்றால் நீளம் 16-இல் ஐந்து, 0.3125. இரண்டு தகடும் சேர்ந்து 0.063 + 0.040 = 0.103. மறுபக்கத் தலையாக அடித்துத் தட்டுவதற்கு விட்டத்தின் ஒன்றரை மடங்கு, 0.1875. கூட்டினால் 0.2905. அதற்கு மேல் கிடைக்கும் அளவு 5/16, எனவே பொருந்துகிறது.

மூன்றாவது பிடிபடவில்லை.

கோணேசபுரி_மாணவி

முதலாவது சரி, நானும் போட்டுப் பார்த்தேன். 1.00-ஐயும் 1.00-ஐயும் கூட்டி 2.00 என்று வெட்டியிருந்தால் 0.158 அங்குலம் மிஞ்சியிருக்கும், கால் ஒன்று நீண்டு போயிருக்கும்.

மூன்றாவதை நான் சொல்லலாமா? ரிவெட் விட்டம் 0.125. விளிம்புத் தூரம் குறைந்தது இரண்டு விட்டம் என்றால் 0.25. ஆனால் இரண்டு தசம அளவுக்குப் பொறுதி ±0.03. வரைந்தவர் 0.25 என்று எழுதியிருந்தால், கடையில் 0.22-இல் துளைத்தாலும் அது "சரியான" பாகம்தான், தாங்காத பாகமும்தான். ஆகவே பொறுதியை முன்கூட்டியே சேர்த்து 0.28 என்று எழுதியிருக்கிறார். மிக மோசமாகத் துளைத்தாலும் 0.25 கிடைக்கும். ஒப்புக்கொள்கிறேன், இது மொடலைச் சுழற்றியிருந்தால் தெரிந்திருக்காது. குறிப்பை வாசித்ததால்தான் தெரிந்தது.

சீனக்குடா_பழசு

அருமை பிள்ளை. இப்படித்தான் வாசிக்க வேண்டும், எண்ணுக்குப் பின்னால் நிற்கிற ஆளின் யோசனையைப் பிடிக்க வேண்டும்.

கிண்ணியா_நானா

துளை கொஞ்சம் தப்பி 0.24-இல் விழுந்துவிட்டால்? எங்கள் தொழிலில் பசை போட்டு இன்னொரு பட்டி ஒட்டிவிடுவோம்.

தோஹா_நைட்ஷிப்ட்

நானா, இங்கே அந்த முடிவை எடுக்க எனக்கும் உரிமை இல்லை, என் மேற்பார்வையாளருக்கும் இல்லை. பொறியியல் பிரிவுக்கு எழுதி, அவர்கள் தரும் பழுதுபார்ப்பு வரைபடம் வரும்வரை விமானம் நிற்கும். எரிச்சலாக இருக்கும். நடுச்சாமத்தில் 0.01 அங்குலத்துக்காக மெயில் அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்போம். ஆனால் வரைபடம் வந்த பிறகும் அதை அப்படியே செய்யாவிட்டால் என்ன என்பதற்கு ஜப்பான் எயார்லைன்ஸ் 123 இருக்கிறது. அதுவும் இதே விளிம்புத் தூரத்தில் தொடங்கிய கதைதான்.

1978 ஜூன் 2, ஒசாகாவில் இறங்கும்போது அந்த போயிங் 747-இன் வால் ஓடுபாதையில் இடித்தது. பின்பக்க அழுத்தச் சுவரின் (பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவர்) கீழ்ப்பாதியைப் புதிதாகப் போட்டார்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடத்தில் ஒரு பகுதியில் ரிவெட்டுக்கு விளிம்புத் தூரம் போதவில்லை. அதற்காகத் தந்த திருத்தம் ஒரே முழு இணைப்புத் தகடு, நடுவில் செருகி மூன்று வரிசை ரிவெட் அடிக்க வேண்டும். வேலை செய்தவர்கள் அந்தத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று வரிசையும் இருக்கிறது, இடைவெளியை அடைப்புப் பசை மூடிவிட்டது. உள்ளே சுமை ஒரு வரிசை வழியாக மட்டும்தான் போனது. உலோகக் களைப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் வரும் வெடிப்பை, தாங்கும் திறன் சரியான பழுதுபார்ப்பில் இருந்திருக்க வேண்டியதன் எழுபது வீதமளவுக்கு இறங்கியது. ஏழு வருடம் அப்படியே பறந்தது. 1985 ஆகஸ்ட் 12-இல் சுவர் பிளந்து வாலைப் பிய்த்தெறிந்தது. 524 பேரில் 520 பேர் போனார்கள்.

வரைபடத்தில் அந்தத் தகடு ஒரே துண்டு. ஒரு கோடு எங்கே தொடர்கிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் வித்தியாசம். அதனால் வெட்டுத் தோற்றத்தில் கோலக்கோடு (வெட்டிய முகத்தை நிரப்பும் சாய்கோடுகள்) திசை மாறும் இடத்தைப் பாருங்கள். திசை மாறினால் வேறு பாகம், மாறாவிட்டால் அதே பாகம். இதை எனக்கு முதலில் சொல்லித் தந்தவரை இன்னும் மறக்கவில்லை.

கிண்ணியா_நானா

யா அல்லாஹ். பசை பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

உவர்மலை_பையன்

இன்னும் இரண்டு இருக்கிறது. -2 எதிர்ப்பக்கம் என்றால் அதற்கு வேறு தட்டை வடிவம் வெட்ட வேண்டுமா? கூட்டல் குறியின் கீழ் இடது மூலை வெறுமையாக இருப்பது அச்சுக் குறையா?

சீனக்குடா_பழசு

-1, -2 பற்றி: பல கொம்பனிகளில் ஒற்றை எண் இடது, இரட்டை எண் வலது. வரைவது இடதை மட்டும்தான், மற்றது கண்ணாடிப் பிம்பம். உங்கள் பிராக்கெட்டில் தட்டை வடிவம் ஒன்றே போதும், தகட்டை எதிர்த் திசையில் மடித்தால் -2 கிடைக்கும். இரண்டு வேறு தகடு வேண்டாம், ஆனால் மடிப்பதற்கு முன் பாகத்தின் எண்ணை எழுதி வையுங்கள். மடித்துவிட்டால் திரும்பி வராது; 2024-டி3-ஐ நிமிர்த்தி மறுபக்கம் மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடும். துளைகள் தட்டைத் தலை ரிவெட்டுக்குக் குழித்தவையாக இருந்தால் மட்டும் எந்த முகத்தில் குழிப்பது என்பதை முதலே முடிவு செய்ய வேண்டும். உங்களுடையது குமிழ்த் தலை, அந்தக் கவலை இல்லை.

கீழ் இடது மூலை அச்சுக் குறை இல்லை. குழித்தல் இருந்தால் அங்கே சி வரும், தகட்டையே பள்ளமாக அழுத்துவது இருந்தால் டி வரும், கூட எத்தனை தகடு என்ற எண்ணும் வரலாம். வெறுமை என்றால் இரண்டும் இல்லை.

பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் "அடுத்த அசெம்பிளி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலிருக்கும் எண்ணை எடுத்து அந்த வரைபடத்தைத் தேடுங்கள். பிராக்கெட் எந்தச் சட்டத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது அதில்தான் இருக்கும். கிடைத்தால் தாள் 1-இலிருந்து எல்லாத் தாளும், திருத்தப் பெட்டி தெரியப் படம் பிடித்து இங்கே போடுங்கள். மூலையை வெட்டிவிடாதீர்கள்.